எந்தக் கதிரை

பள்ளிக்கூடத்தில் இருந்து அழைப்பு வந்தபோது
யூரியா மூடைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
"உங்கட மகன்ர விஷயமாக் கதைக்கோணும்.
பதினொரு மணிக்கு வாங்கோ."
அவ்வளவுதான்.

அரைநாள் லீவுக்குப் போய் நின்றேன்.
முகாமையாளர் மூக்குநுனிக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"போய் என்னத்தை வெட்டிக் கிழிக்கப் போறீர், கணக்குப்புலி?"
மேசைகள் சிரித்தன.
பத்மலோஜினி மட்டும் குனிந்து
ஸ்டேப்ளருக்கு ஊசி போட்டாள்,
ஏற்கெனவே நிறைந்திருந்த ஸ்டேப்ளருக்கு.

ஆறு வருஷத்துக்கு முதல் ஒருநாள்
ஒரு பூச்சியம் கூடப் போட்டுவிட்டேன்.
எழுபது மூடை எழுநூறு ஆனது.
மத்தியானத்துக்குள் திருத்தினேன்.
பேரேட்டில் அந்த இடம் இப்போது சுத்தம்.
பெயர் மட்டும் அழியவில்லை.

சுன்னாகத்தில் இருந்து கோண்டாவில் வரைக்கும்
ஸ்கூட்டியில் சண்டை பழகிக்கொண்டு போனேன்.
என்ர பிள்ளையை என்ன செய்தவங்கள்?
ஈர்க்குமாதிரி உடம்பு அவனுக்கு.
ரெண்டு கிழமையாய் முகம் சரியில்லை.
இங்கை வாய் பொத்தி நிக்கிறமாதிரி
அங்கை நிக்கமாட்டன்.
சொல்லச் சொல்ல ஹெல்மெட் கண்ணாடி
என் மூச்சாலேயே புகார் மூடியது.
மருதனார்மடச் சந்தியில் ஒரு மினிபஸ்
என்னை உரசிக்கொண்டு போனதும்
போன பிறகுதான் தெரிந்தது.

அதிபரின் அறையில்
ஒரு பெண் இருந்தாள், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு.
பக்கத்துக் கதிரை வெறுமை.
போய் இருந்தேன்.
அவள் கண் பார்த்ததும்
ஒரே வலிக்காரர் என்று நினைத்து
லேசாய்ச் சிரிக்கவும் செய்தேன்.

"நீங்கள் அந்தப் பக்கம்," என்றார் அதிபர்.

அந்தப் பக்கம் என் மகன் நின்றான்.

அவளுடைய மகன் கவிலாஸ்.
எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பானாம்.
அவன் புத்தகத்தோடு எழும்பும்போதெல்லாம்
என் மகனும் இன்னும் மூன்று பேரும்
எழும்பி நின்று கைதட்டுவார்களாம்.
"வாசிப்புப்புலி வந்திட்டார்!"
மூன்று மாதம்.
இப்போது அவன் வகுப்பில்
வாய் திறப்பதில்லை. கேட்டால் விரலைக் காட்டுகிறான்.
சாப்பாட்டுப் பெட்டி
கட்டினபடியே வீட்டுக்கு வருகிறது.

புலி.
எங்கள் வீட்டுப் புலி.

இரவில், புட்டு அவிகிற நேரம்,
இவரின் கண்ணாடியை எடுத்து
மூக்குநுனியில் போட்டுக்கொள்வேன்.
தொண்டையைச் செருமி
"என்னத்தை வெட்டிக் கிழிக்கப் போறீர்?" என்பேன்.
வீடு விழுந்து விழுந்து சிரிக்கும்.
மகன் கண்ணீர் வரச் சிரிப்பான்.
"அம்மா, இன்னொருக்கா!"
நான் முகாமையாளரைத்தான் நையாண்டி பண்ணினேன்.
அவனோ
கண்ணாடி போட்டவருக்கு நோகாது என்பதைப்
பார்த்து வைத்திருக்கிறான்.

அந்தத் தாய் கத்தவில்லை.
பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.
"தம்பி, அவன் வாசிக்கேக்க
உமக்கு என்ன செய்யுது?"
என் மகன் என்னைப் பார்த்தான்.
நான் நிலத்தைப் பார்த்தேன்,
அலுவலகத்தில் பார்க்கிறமாதிரியே.

திரும்பி வரும்போது அவன்
என் இடுப்பைப் பிடிக்கவில்லை.
பின்கம்பியைப் பிடித்திருந்தான்.
இணுவில் றெயில் கடவை சாத்திக் கிடந்தது.

பத்மலோஜினி காலைச் சாய்த்து நடப்பாள்.
முகாமையாளர் அதற்கும் ஒரு பெயர் வைத்தவர், 'அன்னநடை'.
அன்றைக்குச் சிரித்த மேசைகளில்
ஒன்று என்னுடையது.
நல்லாய் நினைவிருக்கிறது.
என்னை விட்டுவிட்டார் என்ற சந்தோஷம்.

"அம்மா,
நாளைக்கு அவனிட்ட என்ன சொல்லுறது?"

"பேரைச் சொல்லு.
அவன்ர சரியான பேரைச் சொல்லிக் கூப்பிடு. பிறகு..."

காங்கேசன்துறைப் பக்கம் போகிற றெயில் வந்துவிட்டது.
பிறகு என்னவென்று
எனக்கும் தெரியாது.
பின்னால் அவன் ஏதோ சொன்னான்.
பெட்டி பெட்டியாய் இரைச்சல் போய் முடியட்டும் என்று
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
காத்து நின்றேன்.